சதுப்பைச் சுற்றி ஐந்து ஞாயிறு

நம்மில் பலருக்கு இப்போது மருந்துச் சீட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது. கிட்டத்தில் இருப்பது மங்கி, தூரத்தில் இருப்பது துலங்குகிற வயசு. எனக்கும் அப்படித்தான். நேற்று என்ன குழம்பு வைத்தேன் என்று கேட்டால் யோசிக்க வேண்டும். ஆனால் நெல்லியாளத்துக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு எதிரில் கிடந்த சதுப்பில் எங்கே கால் வைத்தால் முழங்கால் வரை போகும், எங்கே இடுப்பு வரை போகும் என்று இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வருஷத்தை அடையாளம் காட்டத் தேவையில்லை. தேயிலை விலை விழுந்த வருஷம். கொழுந்து செடியிலேயே முற்றி, கரும்பச்சையாகி, ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. ஃபேக்டரியை மூடினார்கள். சங்கு ஊதுவது நின்றதும் லயத்தில் யாருக்கும் மணி தெரியாமல் போயிற்று. சேவல்கூடக் குழம்பிப்போய்க் கூவுகிறது என்பாள் அம்மா. அப்பா ஃபேக்டரியில் தூள் காய்ச்சுகிற அடுப்புப் பக்கம் வேலை பார்த்தவர். அவர் சட்டையில் எப்போதும் ஒரு வறுத்த வாசம் இருக்கும். ஒரு மாதத்தில் அது போய்விட்டது. நான் கொடியில் தொங்கிய சட்டையை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். சவுக்காரத்தின் வாசம்தான் வந்தது.

மூன்று வேளையும் கோதுமை ரொட்டி, மிளகாய் இடித்த கட்டைச் சம்பல், வெறும் தேத்தண்ணி. வாய் புளித்துப்போன ஒரு நாளில் அப்பா, கூடலூரில் ஒரு மண்டியில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்திருக்கிறது என்றார். மறுநாளிலிருந்து தூக்குப்போணியில் ரொட்டியை எடுத்துக்கொண்டு விடியும்போதே கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமையும் போவார், சந்தை நாளாம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பையில் புழுங்கலரிசி வரும். அம்மா வடித்த அந்த முதல் சோற்றை நான் குழம்புகூட ஊற்றாமல் தின்றேன்.

அந்த மார்கழியில்தான் கிளார்க் சார் வந்தார். பந்தலூரில் ஏதோ ஓர் ஆபீசில் கிளார்க். சொந்த ஊர் கோயமுத்தூர்ப் பக்கம். ஞாயிறு லீவில் எல்லாரும் ஊருக்கு பஸ் ஏறினால் இவர் சதுப்புக்கு நடந்து வருவார். நான் முதலில் பார்த்தபோது சதுப்போரக் கல்லின் மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மற்ற காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பேய் பிடித்தவர் மாதிரி உதறிக்கொண்டிருந்தார். காலில் மூன்று அட்டை. நான் வல்லாரை பறிக்க வந்திருந்தேன்.

"ஏங்கண்ணு, இதுக தானாப் போயிருமா, இல்ல காலோடயே இருந்துக்குமா?"

"ரத்தம் போதும்னா அதுவே விழுந்துரும் சார்."

"போதும்னு அதுக்கு எப்பத் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மடியில் முடிந்து வைத்திருந்த உப்பை எடுத்து மூன்றின் மேலும் வைத்தேன். சுருண்டு விழுந்தன. அவர் கழுத்தில் தொங்கிய பைனாகுலரையே நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். கழற்றி நீட்டினார். அன்றிலிருந்து அதுவே எங்களுக்குள் பேச்சாகிவிட்டது: ஓர் அட்டைக்கு ஒரு பார்வை. மழை ஈரம் போகாத மார்கழி, அட்டைக்குப் பஞ்சமில்லை.

முதல் பார்வையில் கறுப்புத்தான் தெரிந்தது, அதில் என் கண் இமை முடி வேறு. ஏமாற்று வேலை என்று நினைத்தேன். அவர் நடுவில் இருந்த சக்கரத்தைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். புகை விலகின மாதிரி ஒரு நாரை வந்து நின்றது. உடம்பு கறுப்பு, கழுத்து மட்டும் பஞ்சு வைத்த மாதிரி வெள்ளை. தினமும் தூரத்தில் பார்க்கிற பறவைதான். மப்ளர் நாரை என்று நாங்கள் பிள்ளைகள் பெயர் வைத்திருந்தோம். குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் அதன் கண் சிவப்பு என்று எனக்கு அதுவரை தெரியாது. அது ஒரு தவளையை விழுங்கியது. தொண்டைக்குள் தவளை இறங்குவதைக்கூடப் பார்த்தேன். தொட்டுவிடலாம் என்று கையை நீட்டி, கல்லிலிருந்து சேற்றில் விழுந்தேன்.

அடுத்த ஞாயிறு சதுப்பைச் சுற்றி முழுசாக நடந்தோம். ஒரு சுற்று வர அரை நாள் ஆகும். எங்கள் பக்கம் தேயிலை, எதிர்ப்பக்கம் காடு, நடுவில் கோரையும் தாழையும் தண்ணீரும். காட்டோரம் வனத்துறை போர்டு ஒன்று துருப்பிடித்து நின்றது. நடுவில் கிடந்த சதுப்பு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு வழி தெரியும், அவருக்குத் தெரியாது. நான் முன்னால், அவர் பின்னால். யானை லத்தியைக் கண்டால் அது எத்தனை நாள் பழசு என்று நான் சொல்லும்வரை அடுத்த அடி வைக்கமாட்டார். ஆனால் கோரைக்குள் ஒரு கானாங்கோழி அசைந்தால் போதும், யானையையும் மறந்து நின்றுவிடுவார்.

அவர் எழுதுகிற முறைதான் எனக்குப் பெரிய வேடிக்கை. பறவையைக் கண்டதும் பெயரை எழுதமாட்டார்.

"பேரு எங்க கண்ணு ஓடிப்போகுது? மொதல்ல கண்ணுல பட்டத எழுதிப்போடோணும். என்ன நெறம், எத்தாச்சோடு பெருசு, எந்தக் கால்ல நிக்குது, என்ன பண்ணுது. பேரத் தேடீட்டு நின்னம்னா அது பறந்துரும்."

அப்படியே செய்வார். 'முதுகு தவிட்டு நிறம். வால் இடைவிடாமல் ஆடுகிறது. கல்லுக்குக் கல் ஓடுகிறது.' நல்ல தமிழில், அச்சுக் கோத்த மாதிரி எழுத்து. பெயர் எழுத ஓர் ஓரத்தில் இடம் விட்டிருப்பார். அங்கங்கே கோடு போட்ட மூங்கில் குச்சிகளைச் சேற்றில் நட்டார். தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்கவாம். எதற்கு என்று கேட்டேன்.

"இத சரணாலயமா அறிவிக்கோணும்னு வனத்துறைக்கு எழுதப் போறேன் கண்ணு."

"சரணாலயம்னா?"

"யாரும் தொரத்தாத எடம்."

"அப்ப எங்க லயத்தையும் சேத்து எழுதுவீங்களா சார்?"

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. குனிந்து காலில் அட்டை தேடினார்.

மூன்றாவது ஞாயிறு வந்தது வினை. எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். ஒவ்வொரு வாசலுக்கு மேலேயும் தகைவிலான் குருவிகள் மண்ணால் கூடு கட்டியிருக்கும். குருவி அப்போது இல்லை, கூடுகள்தான் இருந்தன. சார் அதை எண்ண வந்துவிட்டார். முதல் வாசலில் நின்றார், அண்ணாந்து பார்த்தார், விரலை நீட்டினார், நோட்டில் எழுதினார். அடுத்த வாசல். அதற்கடுத்த வாசல். உள்ளே இருந்த பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மா என்னை உள்ளே இழுத்து வாயைப் பொத்தினாள்.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் எங்கள் ஆட்களாக இருந்திருக்க வேண்டும். எங்கள் லயத்தில் பாதிப்பேர் கடலுக்கு அப்பால் கண்டிச் சீமையில் பிறந்து, இங்கே கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள். அன்று சாயங்காலம் லயத்துத் தலைவர் எல்லாரையும் கூட்டினார். அங்கே கொழுந்தெடுத்து, இங்கே வந்தும் கொழுந்தெடுத்துக் காய்த்துப்போன கை அவருக்கு.

"நோட்டுப் பொஸ்தகத்தோட ஒருத்தன் வந்து வாசல் வாசலா எண்ணினான்னா என்னா அர்த்தம்? கண்டியிலயும் இப்புடித்தான் வந்து எண்ணினாய்ங்க. ஆறே மாசம். கப்பல்ல ஏத்திவிட்டுட்டாய்ங்க. இப்ப தோட்டத்த விக்கப் போறாய்ங்கனு பேச்சு அடிபடுது. லயத்தோட விக்கிறதுக்குத்தான் இந்தாளு கணக்கெடுக்க வந்திருக்கான்."

"அவரு குருவிக்கூட்ட எண்ணினாரு" என்றேன் நான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "படிச்ச மனுசன் பந்தலூர்லருந்து நடந்து வந்து குருவிக்கூட்ட எண்ணுவானா புள்ள?" என்றார் தலைவர். அப்பா சுவரோரம் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். இப்போது நினைத்தால், அந்தக் கூட்டத்தில் பேசாமலிருந்த பெரியவர் அவர் ஒருவர்தான்.

சாரோடு சேரக்கூடாது என்று எனக்குக் கட்டளை. சொன்னால் கேட்கிற ஜாதியா நான்? நாலாவது ஞாயிறு கூடையைத் தூக்கிக்கொண்டு வல்லாரைக்குக் கிளம்பினேன்.

சார் அன்று சிரிக்கவில்லை. குச்சிகளைக் காட்டினார். தண்ணீர் மூன்று கோடு இறங்கியிருந்தது. கோடையில்கூட இப்படி இறங்காது. நான் கேணிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஏனென்றால் லயத்தின் குடிதண்ணீர்க் கேணி சதுப்பின் ஓரத்தில்தான் இருந்தது. கையை விட்டே குடத்தை முக்கலாம். அந்த வாரம் அம்மா வாளிக்குக் கயிறு கட்டியிருந்தாள். மற்றப் பெண்களும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கேயோ தண்ணீர் வெளியே போகிறது என்றார் சார். காட்டுப் பக்கம் மேட்டில் ஏறி நின்று பைனாகுலரால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். தாழம்புதர்களுக்குப் பின்னால், லயத்திலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், யாரோ கால்வாய் வெட்டிக்கொண்டிருக்கிறார். சதுப்பின் தண்ணீர் அது வழியாக ஓடைக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது.

"இஞ்சி போடறதுக்கு ஆரோ குத்தகைக்கு எடுத்துட்டானாட்ட இருக்குது. இப்பிடியே வெட்டுனா தை முடியறதுக்குள்ள எல்லாம் காஞ்சிரும்."

பழக்கதோஷம். நோட்டை எடுத்தார்; பறவைக்கு எழுதுகிற மாதிரியே, சொல்லிக்கொண்டே எழுதினார். "ஆள் ஒருத்தர். நீலச் சுவெட்டர். வலது முழங்கையில் சிவப்பு ஒட்டு. இடது கைக்காரர். மண்வெட்டியால் கால்வாய் வெட்டுகிறார்." பெயருக்கு இடம் விட்டார். பிறகு பைனாகுலரை என்னிடம் நீட்டினார். அன்று அட்டைகூட எடுக்கவில்லை.

"உங்க பக்கத்து ஆளாட்டத் தெரியுது. ஆருன்னு பாரு கண்ணு."

பார்த்தேன். சக்கரத்தைத் திருப்பவே வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிவப்பு ஒட்டு என்னுடைய பழைய குரங்குக் குல்லாவைப் பிரித்து அம்மா பின்னியது. அப்பா மண்வெட்டியை ஊன்றிவிட்டு நிமிர்ந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டார். கரையில் தூக்குப்போணி இருந்தது. கூடலூருமில்லை, மண்டியுமில்லை, மூட்டையுமில்லை. நெற்றி வேர்வையை வழித்துவிட்டுப் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நேராக என் கண்ணுக்குள் பார்த்த மாதிரி இருந்தது.

"தெரியலைங்க சார்" என்றேன்.

அந்த வாரம் முழுவதும் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பதினொரு வயசுக்கு அது பெரிய கணக்கு. கால்வாய் ஓடினால் கேணி வற்றும், நாரை போகும். கால்வாய் நின்றால் சனிக்கிழமை அரிசி நிற்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "என்னா புள்ள, கல்லு கெடக்கா?" என்று கேட்டாள் அம்மா. அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு காலை கேணியில் சேறுதான் இருந்தது. பெண்கள் வெறுங்குடத்தோடு ஏறி வந்தார்கள். தலைவர் ஆண்கள் யாரும் எங்கும் போகக்கூடாது என்றார், அப்பாவும் நின்றுவிட்டார். குளிருக்கு அந்த நீலச் சுவெட்டரைப் போட்டிருந்தார். பத்து மணிவாக்கில் சார் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, எதுவும் தெரியாமல், எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாரும் சுற்றி வளைத்துக்கொண்டார்கள், தலைவர்தான் கேட்டார்.

"ஐயா, நீங்க குச்சி நட்ட நாள்லருந்துதான் தண்ணி எறங்குது. என்னா அளக்கிறீங்க? யாருக்கு அளக்கிறீங்க?"

"ஏனுங்க, நான் பறவ பாக்கறவனுங்க. தண்ணி எறங்கறதுக்கு வேற காரணம்..." என்று ஆரம்பித்தார். அவரைப் பேசவிடவில்லை. தலைவர் நோட்டைக் கேட்டு வாங்கினார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர் என்னைப் பிடித்தார்.

"நீதானே இவரு பின்னாலயே சுத்துனவ. நீயே படி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி."

என் கையில் நோட்டு. ஈரத்தில் அதன் மேலட்டை ஊறியிருந்தது. படித்தேன். 'கழுத்து வெள்ளை, உடம்பு கறுப்பு, கண் சிவப்பு. தவளை விழுங்குகிறது.' யாரோ சிரித்தார்கள். 'முதுகு தவிட்டு நிறம். வால் இடைவிடாமல் ஆடுகிறது.' 'லயம், முதல் வாசல், மண்கூடு ஒன்று. இரண்டாம் வாசல், மண்கூடு இரண்டு.' தலைவரின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. பக்கம் பக்கமாகப் படித்தேன். பிறகு கடைசிப் பக்கம் வந்தது. 'ஆள் ஒருத்தர். நீலச் சுவெட்டர்.'

நாலு வரிதான். அதைப் படித்திருந்தால் சார் தப்பித்திருப்பார், கேணி தப்பித்திருக்கும், கூட்டம் அப்படியே அப்பா பக்கம் திரும்பியிருக்கும். அப்பா எனக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். கையைக் கட்டியிருந்தார், ஒட்டு வெளியே தெரிந்தது.

"அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல" என்று நோட்டை மூடினேன்.

சாருக்குத் தெரியும், இன்னொரு பக்கம் இருக்கிறதென்று. என்ன இது என்பது போல் என்னைப் பார்த்தார். என் கண் போன திசையில் திரும்பினார். அப்பாவின் முழங்கையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொன்னது இதுதான்:

"ஆமாங்க. அவ்வளவுதாங்க."

"அப்ப குச்சி என்னாத்துக்கு?" என்றார் தலைவர்.

"தப்புத்தானுங்க. புடுங்கிர்றேனுங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனுஷன் சேற்றில் இறங்கி ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கினார். இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று தலைவர் சொன்னதற்கும் தலையாட்டினார். நோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தேயிலைப் பாதையில் ஏறிப் போனார். காலில் அட்டை இருந்திருக்கும், குனியவே இல்லை. வனத்துறைக்கு அவர் எழுதினாரா, எழுதாமல் விட்டாரா, தெரியாது. அவரைச் சமவெளிக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை விடியும்போது அப்பா தூக்குப்போணியோடு கிளம்பினார். தை முடிவதற்குள் சதுப்பு வெடித்துக் காய்ந்தது. நாரை ஒரு நாள் சேற்றில் நெடுநேரம் நின்றுவிட்டுப் போனது, திரும்பவில்லை. பெண்கள் ஒரு மைல் நடந்து தண்ணீர் சுமந்தார்கள். லயம் முழுக்கக் குச்சி நட்ட ராசியைத் திட்டிக்கொண்டிருந்தது, நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இஞ்சி முளைத்த மழைக்காலத்தில் நாங்கள் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டோம்.

இருபது வருஷம் கழித்து, அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, ஒரு மத்தியானம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கையைத் தடுத்தார்.

"அந்த சாரு என் மொழங்கையப் பாத்தாரு. அப்பறம் ஒன்னையப் பாத்தாரு. எனக்குத் தெரியாதுனு நெனச்சியா புள்ள?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"கடசிப் பக்கத்துல நீ என்னையப் பாத்து நின்னப்பவே அதுல நான் இருக்கேன்னு தெரிஞ்சிருச்சு. அதையும் நீ படிச்சிருக்கலாம். நாலு பேரு காறித் துப்பியிருப்பாங்க, அதோட மம்பட்டியக் கீழ போட்டிருப்பேன். தானா நிறுத்துறதுக்கு எனக்குத் தெம்பில்லாமப் போச்சு. நீ படிப்பனுதான் நான் அங்க நின்னுக்கிட்டிருந்தேன்."

அத்தனை வருஷமும் அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதற்காக ஒரு நல்ல மனிதரைத் தலைகுனிய விட்டதைக்கூட அந்தப் பெருமையில்தான் தாங்கிக்கொண்டிருந்தேன். தட்டைக் கழுவப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.